அத்தோவா, நெய் ஊத்தப்பமா? பாரிமுனையில் ஒரு மாலை

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் சென்னையில் எங்கே சாப்பிட அழைத்துப் போவது? மயிலாப்பூர், தி.நகர் என்றுதான் முதலில் வாயில் வரும். அந்தக் கடைகளைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். மதுரையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு மாலை. பாரிமுனைப் பக்கம் போவது என்று முடிவாகிவிட்டது. பர்மா பஜாருக்கு அடுத்த தெருவான செகண்ட் லைன் பீச்சில் பர்மா நூடுல்ஸான அத்தோவா, சௌகார்பேட்டைப் பக்கம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டரின் நெய் ஊத்தப்பமா என்பதுதான் பாக்கி. நான் அத்தோவைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே தெருவோரம், கையில் தட்டோடு நின்று சாப்பிடுகிற சமாச்சாரம். இரண்டுமே மாலைக்கு மேல்தான் களைகட்டும். கார் எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். அத்தோவுக்குக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம். ஊத்தப்பத்துக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம்.

சீனா பாய் கடையில் பட்டியல் படிக்கிற வேலையே இல்லை. இட்லி, ஊத்தப்பம், அவ்வளவுதான். பெரிய தோசைக்கல்லில் சின்னச் சின்ன ஊத்தப்பங்களாக ஊற்றி, பொடியைத் தூவி, நெய்யைக் கணக்குப் பார்க்காமல் விடுகிறார்கள். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, பொடியும் நெய்யும் சேர்ந்து ஊறியிருக்கும். கூட சட்னி. இரண்டே பண்டம் செய்கிற கடையில் மாவு தேங்குவதில்லை, கல் ஆறுவதில்லை. ருசியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடையாது. சுத்த சைவம் வேண்டும் என்பவர்களுக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதே இல்லை, நேராக இங்கே போய்விடலாம்.

அத்தோவின் கதை வேறு. பர்மாவில் 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் வியாபாரங்கள் அரசுடைமை ஆயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஏராளமானோர் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள்தான். வியாசர்பாடிப் பக்கம் பலர் குடியேறினார்கள். பர்மாவில் சாப்பிட்டுப் பழகியதும் கூடவே வந்தது. ரங்கூனில் மொய்ங்கா என்றால் மீன் போட்ட குழம்பு. இங்கே அது வாழைத்தண்டு சூப்பாகிவிட்டது. கடலை மாவு கரைத்த, மஞ்சள் நிறத்தில் கொதித்துக்கொண்டே இருக்கிற சூப். அத்தோவுக்குக் கூடவே ஊற்றித் தருவது இதைத்தான்.

தட்டு தயாராவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே பாதி சுகம். ஒரு கிண்ணத்தில் தடியான ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம். மேலே பேஜோ என்கிற, தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் பொரித்த பண்டத்தை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கரண்டியால் கிளறினால் புளியும் எண்ணெயும் சேராது, ஒரு வாய் காரம், ஒரு வாய் சப்பென்று போய்விடும். ஒவ்வொரு தட்டாகப் பிசைவதால், "காரம் கம்மி", "புளி தூக்கலா" என்று சொல்லி வாங்கலாம். மச்சானுக்கும் அவர் பெண்ணுக்கும் ஒரே கையில் இரண்டு விதமாக வந்தது. கூடவே முட்டை மசாலா: வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய் திணித்து, எண்ணெய் விட்டுத் தருவது. அதை இரண்டு கடியாகக் கடிக்கக் கூடாது. அப்படியே வாய்க்குள் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சட்டைதான் சாப்பிடும்.

சரி, ருசியில் இரண்டும் சளைத்ததில்லை என்றால் எதை வைத்து முடிவு செய்வது? எனக்கு அது வயிற்றில் மிச்சமிருக்கும் இடம். ஜார்ஜ் டவுனுக்குச் சாயங்காலம் போகிறவர் ஒரே கடையில் உட்கார்ந்து எழுந்து வரப் போவதில்லை. தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் இருக்கிறது, காகடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும் இருக்கின்றன. நெய் ஊத்தப்பத்தை முதலில் சாப்பிட்டால் அன்றைக்கு அதோடு சரி. அரிசி உளுந்து மாவு ஒரு பக்கம், அதில் ஊறிய நெய் ஒரு பக்கம். ஒரு தட்டு முடியும்போது நன்றாகத்தான் இருக்கும், பத்து நிமிடம் கழித்துத்தான் கனம் தெரியும். அதற்குப் பிறகு ஜிலேபியைப் பார்த்தால் கை நீளாது. மின்சார ரயிலில் நின்றபடி தாம்பரம் வரை போக வேண்டியவர்கள் இதை இன்னும் நன்றாக உணர்வார்கள்.

அத்தோவும் எண்ணெய் இல்லாத பண்டம் கிடையாது. ஆனால் தட்டில் பாதி பச்சைக் காய். புளி நாக்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது, நடுநடுவே சூடான சூப் உள்ளே போகிறது. சாப்பிட்டு முடித்தபின் இன்னும் கொஞ்சம் நடக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. நாங்கள் அங்கிருந்து மண்ணடி வழியாகப் பேசிக்கொண்டே தங்கசாலைக்கு நடந்தோம். போய்ச் சேருவதற்குள் குழந்தைகள் மறுபடி பசி என்றன. இதே வரிசையைத் திருப்பிப் போட்டால், ஊத்தப்பம் முடித்துவிட்டு அத்தோவுக்கு நடந்தால், அத்தோவை ஒழுங்காகச் சாப்பிட முடியாது.

இன்னொன்று, பார்சல். பொடி ஊத்தப்பத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனாலும் ஓரளவு தாங்கும், ஆறினாலும் நெய்யும் பொடியும் காப்பாற்றிவிடும். அத்தோ தாங்காது. பிசைந்த கொஞ்ச நேரத்தில் நொறுக்கிப் போட்டது நமுத்துவிடும், முட்டைக்கோஸ் தண்ணீர் விட ஆரம்பிக்கும். அங்கேயே நின்று உடனே சாப்பிட வேண்டிய பண்டம். ஒரே மாலையை எதற்குச் செலவழிப்பது என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

எங்கே என் பேச்சு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டைகூடக் கலக்கக் கூடாது என்கிற வீட்டுப் பெரியவர்களோடு போனால் அத்தோ கடை சரிப்படாது. முட்டை இல்லாமல் பிசைந்து தருவார்கள்தான், ஆனால் அதே கை, அதே கிண்ணம். சில கடைகளில் கோழியும் உண்டு. மனசு ஒப்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டுமே கஷ்டம். மழை நாளில் அத்தோ பக்கம் நான் போனதில்லை, அதனால் மழைக்காலத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. வரிசையாக இருக்கிற அத்தோ கடைகளில் எது சிறந்தது என்பதிலும் என் அனுபவம் குறுகியதுதான். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிற கடையில், சூப் அண்டா நிஜமாகவே கொதிக்கிறதா என்று பார்த்து நிற்பேன். அதுதான் என் அளவுகோல்.

போகிறவர்கள் ஆறு மணிக்கு மேல் கடற்கரை நிலையத்தில் இறங்குங்கள். இரண்டு பேருக்கு ஒரு அத்தோ, ஆளுக்கொரு முட்டை மசாலா என்று தொடங்குங்கள். சூப் தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள், முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.