6 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்: ஆறு மாசம் மொட்டை மாடில வச்சு பார்த்தது

மொதல்லயே சொல்லிடறேன், டப்பா மேல இருக்கற கலர் போட்டோவ நம்பி வாங்கினா ஏமாந்துருவீங்க. போன டிசம்பர்ல இந்த டாப்சோனியன (6 இன்ச் கண்ணாடி வச்ச குழாய், கீழ கையால திருப்பற சிம்பிளான ஸ்டாண்ட், அவ்ளோதான்) ஆன்லைன்ல வாங்கினேன். வந்தப்போ குறி பாக்கற ஃபைண்டர் ஒரு பக்கம் திரும்பி இருந்துச்சு, கண்ணாடி அலைன்மென்ட்டும் அவுட். கஸ்டமர் கேருக்கு மூணு தடவ போன் போட்டு ஒண்ணும் நடக்கல, கடைசில நானே வீடியோ பாத்து ஸ்க்ரூவ திருகி சரி பண்ணேன்.

முதல் நாள் ஓரியன் நெபுலாவ காட்டினதும் அம்மா "என்னடா அடுப்புப் புகை மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு கீழ போயிட்டாங்க. அவங்க சொன்னதும் தப்பில்ல, அது புகைதான், 1,300 ஒளியாண்டு தள்ளி இருக்கற வாயுவும் தூசியும். ஆனா 10 எம்எம் ஐபீஸ் (கண்ண வச்சு பாக்கற லென்ஸ், எம்எம் கம்மின்னா பெருசா தெரியும்) போட்டா அந்தப் புகைக்கு நடுவுல நாலு நட்சத்திரம் தனித்தனியா பளிச்சுன்னு தெரியும், அதெல்லாம் அந்த மேகத்துலயே நேத்து பொறந்த குழந்தைங்க, வயசு பத்து லட்சம் வருஷம் அளவுதான். சுத்தி இருக்கற மத்த குட்டி நட்சத்திரங்கள்ல நிறைய பேரைச் சுத்தி கிரகம் உருவாகக்கூடிய தூசித் தட்டு இருக்குன்னு ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் 1990கள்ல படம் எடுத்துக் காட்டுச்சு. நம்ம டெலஸ்கோப்ல அதுக்கெல்லாம் சான்ஸே இல்ல.

எனக்கு காசு வசூலானது இங்கதான். ஒரு நட்சத்திரம் பொறந்து சாகற வரைக்கும் யாரும் உக்காந்து பாக்க முடியாது, அதனால விஞ்ஞானிங்க பண்றது கல்யாண மண்டபத்துல நின்னு கைக்குழந்தை, காலேஜ் பையன், தாத்தான்னு எல்லாரையும் ஒரே நாள்ல பாத்து மனுஷன் எப்படி வளர்றான்னு கண்டுபிடிக்கற மாதிரி. கார்த்திகைக் கூட்டம் சுமார் 10 கோடி வருஷம், அதனால இன்னும் நீலமா ஜொலிக்கும். பக்கத்துலயே ரோகிணியைச் சுத்தி V மாதிரி இருக்கற கூட்டத்துக்கு 60 கோடிக்கு மேல, அதுல அந்த நீலப் பெருசுங்க எல்லாம் எரிஞ்சு முடிஞ்சாச்சு, சிலது ஆரஞ்சா ஊதிப் போயிருக்கு. எடை அதிகம்னா சீக்கிரம் தீந்துரும். ஒரு கூட்டத்துல எல்லாம் ஒண்ணா பொறந்ததுங்கறதால எந்த நிறம் வரைக்கும் மிச்சம் இருக்குன்னு பாத்தே வயச சொல்லிடறாங்க. (ரோகிணி அந்தக் கூட்டத்துல சேராது, 65 ஒளியாண்டுல குறுக்க நிக்குது, அவ்ளோதான்.)

மார்ச்ல கடக ராசில எம்67ங்கற நட்சத்திரக் கூட்டத்த தேடிப் பிடிச்சேன், உப்பு தூவின மாதிரி மங்கலா இருக்கும், வயசு 400 கோடி, நம்ம சூரியனுக்கு கிட்டத்தட்ட செட்டு. மே மாசம் ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சிருந்து எம்57ங்கற நெபுலாவ பாத்தேன், சாம்பல் கலர்ல சின்ன வளையம். சூரியன் மாதிரி ஒண்ணு செத்துப் போறப்ப ஊதித் தள்ளின மேல்தோல் அது. கொஞ்ச நேரம் பேச்சே வரல.

கிரகம் எப்படி உருவாகுதுன்னு பாக்க ஆசைன்னா இது போதாது, தூசி வெளிச்சத்த மறைச்சுரும். சிலியோட அட்டகாமா பாலைவனத்துல 5,000 மீட்டர் உயரத்துல 66 ஆன்டெனா வச்சிருக்கற அல்மாங்கற ரேடியோ டெலஸ்கோப் மில்லிமீட்டர் அலைல பாக்கறதால தூசியவே படம் எடுக்கும். 2014ல ரிஷப ராசில இருக்கற ஹெச்எல் டவ்ங்கற பச்சக் குழந்தை நட்சத்திரத்தைச் சுத்தி இசைத்தட்டு மாதிரி வளையம் வளையமா தூசியப் பாத்தாங்க. இவ்ளோ சின்ன வயசுலயே கிரக வேலை ஆரம்பிச்சிருச்சான்னு அவங்களே அசந்து போனாங்க.

குறைன்னா, கூட வர்ற 25 எம்எம் ஐபீஸ்ல கார்த்திகை முழுசா அடங்காது, அதுக்கு பைனாகுலர்தான் பெஸ்ட். 300 மடங்குக்கு மேல பெருசாக்கலாம்னு கடைக்காரங்க சொன்னா நம்பாதீங்க. முக்கியமா குழாய் நாலு அடி நீளம், ஸ்டாண்டோட சேத்து 15 கிலோ வரும், லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்காரங்க இடுப்ப யோசிச்சு ஆர்டர் போடுங்க.