ஏ, பி, சி: கடல் சரக்குக் காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது

கப்பலில் சரக்கு அனுப்புகிறவர் பெரும்பாலும் பிரீமியத்தைப் பார்த்துத்தான் பாலிசியைத் தேர்ந்தெடுக்கிறார். அதில் அச்சிட்டிருக்கும் ஏ, பி, சி என்ற ஒற்றை எழுத்து, பெட்டி நனைந்து வந்து சேர்ந்த பிறகே அவர் கண்ணில் படுகிறது. உலகெங்கும் பரவலாக வழங்கும் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் எனும் விதித்தொகுப்பின் மூன்று வடிவங்களை அந்த எழுத்துகள் குறிக்கின்றன. 1982-இல் நடைமுறைக்கு வந்த இவை, 2009 ஜனவரி 1-இல் திருத்தப்பட்டன.

மூன்றில் மிகக் குறுகியது சி. தீ, வெடிப்பு, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், கவிழ்தல், மோதல், தரைவழி வண்டி கவிழ்தல் அல்லது தடம்புரளுதல், கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிதல் ஆகிய பெரும் விபத்துகளோடு அது ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பி அதோடு நிலநடுக்கம், மின்னல், அலை அடித்துச் செல்லுதல், கடல்நீரோ ஆற்றுநீரோ உட்புகுதல், ஏற்றி இறக்கும்போது ஒரு பொதி விழுந்து முழுவதும் அழிந்துபோதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் மழைநீர் பி-யின் பட்டியலில் இல்லை. திருட்டு பி-யிலும் இல்லை, சி-யிலும் இல்லை.

ஏ, விலக்குகள் போக, எல்லா இடர்களையும் ஏற்கிறது என்பதைவிட முக்கியமான வேறுபாடு, நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. பி, சி எடுத்தவர், பட்டியலில் உள்ள இன்ன விபத்தால்தான் சேதம் நேர்ந்தது என்று தாமே காட்டியாக வேண்டும். மூடிய கன்டெய்னருக்குள் நடந்ததற்கு அவர் சாட்சிக்கு எங்கே போவார்? ஏ எடுத்தவரோ, பயணத்தின்போது எதிர்பாராத சேதம் நேர்ந்ததைக் காட்டினால் போதும். அது பாலிசி ஏற்காத விலக்குகளில் ஒன்றுக்குள் வருகிறது என்று நிறுவ வேண்டியது காப்பீட்டு நிறுவனம்.

அந்த விலக்குகளைப் படிக்காமல் ஏ-யை நம்புவதும் தவறு. தாமதத்தால் வரும் இழப்பு, சரக்கின் இயல்பிலேயே உள்ள கெடுதல், இயல்பான எடைக்குறைவு ஆகியவற்றுக்கு ஏ-யிலும் பணம் கிடைக்காது. காப்பீடு தொடங்குவதற்கு முன்பே செய்த பேக்கிங் பயணத்தைத் தாங்காத அளவுக்கு மோசமாக இருந்தாலும் அப்படித்தான். போருக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தனி விதிகளைச் சேர்த்து வாங்க வேண்டும். ஏ-யின் போர் விலக்கில் கடற்கொள்ளை மட்டும் சேராது, அதனால் அதற்கு ஏ-யில் பணம் கிடைக்கும்.

நிலக்கரி, தாது போன்ற மொத்தச் சரக்குக்கு சி போதும் என்பது என் கருத்து. மேல்தளத்தில் ஏற்றும் மரத்துக்கு பி பொருந்தலாம். அட்டைப்பெட்டியில் போகும் பொருளுக்கு ஏ தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்பவரே காப்பீடு எடுக்கும்போது வாங்குபவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: பன்னாட்டு விற்பனையில் யார் எந்தச் செலவை ஏற்பது என்று வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சி.ஐ.எஃப். (சேரும் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு) விற்பனைக்கு சி அளவே போதும், சி.ஐ.பி. (குறித்த இடம் வரை எந்த வழிப் போக்குவரத்துக்கும் அப்படியே) என்றால்தான் ஏ கட்டாயம்.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்து நின்ற எவர் கிவன் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களின் நிலையை இந்த விதிகளோடு பொருத்திப் பார்க்கலாம். கப்பலை மீட்ட செலவைச் சரக்கு உரிமையாளர்களும் பங்கிட வேண்டும் என்ற ஜெனரல் ஆவரேஜ் அறிவிக்கப்பட்டது. அந்தப் பங்கை மூன்று வடிவங்களுமே ஏற்கின்றன. சரக்கு பிந்தி வந்ததால் சந்தையை இழந்தவருக்கு ஏ-யிலும் இழப்பீடு கிடையாது.