பழைய பிசினஸ் ஜெட் வாங்க அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் தொழில் நடத்துகிறவர்களைத் தேடிப் போய், "நீண்ட தூரம் பறக்கும் ஜெட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது" என்று புரோக்கர் ஒருவர் பேசி வருகிறார். எங்கள் குடும்ப நிறுவனம் அவரிடம் கொடுத்த அட்வான்ஸ் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. விவகாரம் வக்கீல் கையில் இருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர் என்ன பேசுவார், எந்தக் காகிதத்தை நீட்டுவார், எங்கே மடக்குவார் என்பதை எழுதலாம். எழுத வேண்டும். ஜெட் வாங்குகிற வசதி உள்ளவர்கள் ஏமாந்தால் நமக்கென்ன என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். போனது கம்பெனிப் பணம். சேதராப்பட்டு ஃபேக்டரியில் மூன்று ஷிஃப்ட் நிற்பவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

கம்பெனியைத் தொடங்கியவர் என் பெரியப்பா. கணக்கும் காகிதமும் என் பொறுப்பு. பிரான்ஸிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. பெரியப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனபிறகு, இரண்டு மூன்று விமானம் மாறி உட்கார்ந்து போவது பெரிய அவஸ்தை. கடலூரில் உள்ள எங்கள் கூட்டாளிக்கும் அதே வழித்தடத்தில் வேலை. பாதிப் பாதி போட்டு ஒரு பழைய ஜெட் வாங்கி, மற்ற நாட்களில் சார்ட்டருக்கு, அதாவது வாடகைப் பயணத்துக்கு விடலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. யோசனையில் தப்பு ஒன்றும் இல்லை, கணக்குப் போட்டுத்தான் இறங்கினோம்.

அந்த ஆள் கொண்டுவந்தது ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550. இந்த ரக விமானம் நிஜமாகவே அருமையானது, அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் பிஆர்710 என்ஜின். ஒரே மூச்சில் 12,500 கிலோமீட்டர் வரை பறக்கும். சென்னையிலிருந்து பாரிஸ் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்க வேண்டாம். 2021 வரை தயாரித்தார்கள் என்பதால் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கிறது. இத்தனையும் உண்மை. இந்த உண்மைகளுக்கு நடுவில்தான் அவர் பொய்யைச் செருகினார்.

முதல் பொய் எங்கள் ஊரைப் பற்றியது. "முதலாளி, லாஸ்பேட்டையிலேயே இறக்கிடலாம், வீட்டுக்குப் பத்து நிமிஷம்" என்றார். லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானம் வந்துபோவதற்கு அது போதும். ஜி550 முழு எரிபொருளோடு கிளம்ப ஏறக்குறைய 1,800 மீட்டர் வேண்டும், அதுவும் கடல் மட்டத்தில், வெயில் அதிகமில்லாத நாளில். நம் ஊர் மே மாதத்தில் இன்னும் கூடும். எடையையும் பாருங்கள்: ஏடிஆர் 72 அதிகபட்சம் 23 டன், இது 41 டன். தரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இது போதாதென்று, வெளிநாட்டிலிருந்து நேராக வந்து இறங்க அங்கே சுங்கமும் குடியேற்றச் சோதனையும் இருக்க வேண்டும். லாஸ்பேட்டையில் அது கிடையாது. ஓடுபாதையை நீட்ட தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி யாராவது இன்றைக்கு விமானம் வாங்குவார்களா? ஆக விமானம் நிற்கப்போவது சென்னையில். ஹேங்கர் வாடகை, பைலட்டுகள் தங்கும் செலவு எல்லாம் சென்னைக் கணக்கு. அவர் கொடுத்த செலவுப் பட்டியலில் இவை எதுவுமே இல்லை.

அடுத்தது வரி. "சார்ட்டர் பர்மிட்டில் கொண்டுவந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அப்புறம் நீங்க எப்படி ஓட்டினாலும் யார் கேக்கப்போறா?" என்றார். கேட்பார்கள். சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கோடிகளில் இருப்பதால் சுங்கத்துறை அதில் கண்ணாகவே இருக்கிறது. சார்ட்டர் என்று சொல்லி இறக்கிவிட்டு முதலாளியின் குடும்பம் மட்டும் பறந்தது என்று இந்தியாவில் பெரிய பெரிய நிறுவனங்கள் மீதே வழக்கு நடந்திருக்கிறது. நாங்கள் உண்மையாகவே சார்ட்டர் விட நினைத்தவர்கள். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி, ஆட்கள், பராமரிப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். பழைய விமானத்தை உள்ளே கொண்டுவர வயது வரம்பும் இருக்கிறது, ஏற்றுமதி செய்யும் நாட்டின் தகுதிச் சான்றும் வேண்டும். இதில் ஒன்றைக் கேட்டாலும் "அதெல்லாம் நம்ம ஆளு பாத்துக்குவாரு தம்பி" என்பதே அவருடைய பதில்.

இனி பணம் போன விதம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தத் தொழிலில் அட்வான்ஸ் என்பது விற்பவர் கைக்கும் போகக்கூடாது, புரோக்கர் கைக்கும் போகக்கூடாது. எஸ்க்ரோ கணக்கு என்று ஒன்று உண்டு. இரண்டு தரப்பையும் சேராத மூன்றாம் நிறுவனம் பணத்தை வைத்திருக்கும். அமெரிக்காவின் விமானப் பதிவகம் ஓக்லஹோமா சிட்டியில் இருப்பதால் இந்த வேலை செய்யும் நிறுவனங்களும் அந்த ஊரில்தான் அதிகம். வாங்குபவர் சோதனை முடித்து, ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடும்வரை அந்தப் பணம் அவருடையது. பிடிக்கவில்லையென்றால் முழுசாகத் திரும்பும்.

எங்களிடம் அவர் சொன்னது வேறு. "வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா பேங்க்ல நூறு கேள்வி கேப்பாங்க. அதுக்குள்ள வேற யாராவது கொத்திக்கிட்டுப் போயிடுவான். ரூபாயிலேயே நம்ம கம்பெனி கணக்குல போடுங்க, எஸ்க்ரோவுல நான் கட்டிடறேன்." எஸ்க்ரோ நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பணம் வந்துசேர்ந்தது என்று ஒரு கடிதமும் கொடுத்தார். பிற்பாடு எங்கள் வக்கீல் அந்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதினார். அப்படி ஒரு கணக்கை நாங்கள் திறக்கவே இல்லை என்று பதில் வந்தது. வங்கி கேட்கிற நூறு கேள்வியும் நம்மைக் காப்பாற்றத்தான். அவற்றைத் தவிர்க்கச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விமானம் ஐரோப்பாவில் ஒரு ஹேங்கரில் நின்றது. பார்க்கப் போனபோது, விமானப் பராமரிப்பில் ஆயுசு முழுக்க இருந்து ஓய்வு பெற்ற மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவரை நாங்கள் கூட்டிப்போனோம். புரோக்கருக்கு அது பிடிக்கவில்லை. "இப்ப சும்மா பார்வையிடறதுதானே, இவரு எதுக்கு?" என்று கிளம்பும்வரை முணுமுணுத்தார்.

உள்ளே கண்ணைப் பறித்தது. புதுத் தோல் இருக்கைகள், புதுக் கார்ப்பெட், பளபளவென்று மரவேலை. பெரியப்பா உட்கார்ந்து, சாய்ந்து, முகம் மலர்ந்துவிட்டார். மஞ்சக்குப்பத்துக்காரர் இருக்கைப் பக்கமே போகவில்லை. நேராகச் சமையல் பகுதிக்குப் போய் அங்கேயே குந்திவிட்டார். கார்ப்பெட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அந்த ஹேங்கர் மெக்கானிக்கிடம் தன்மையாகக் கேட்டு, தரைப் பலகை ஒன்றைக் கழற்ற வைத்தார். திருகுகளில் பாதி வரவே மாட்டேன் என்றன. பலகையைத் தூக்கி டார்ச் அடித்தால், கீழே குறுக்குச் சட்டத்தின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினார். அலுமினியம் ஏடு ஏடாக உரிந்து வந்தது. காபி, சோடா, ஐஸ் தண்ணீர் எல்லாம் வருஷக்கணக்கில் சிந்திக் கீழே இறங்கி அரிக்கும் இடம் அது. கழிப்பறையின் அடித்தரையும் அப்படித்தான் என்றார். அவர் கையை நீட்டி எனக்குக் காட்டியபோது, அந்த ஏடுகள் அவருடைய உள்ளங்கையில் மீன் செதில் மாதிரி மினுங்கின. புரோக்கர் அந்த நேரம் வெளியே போனில் இருந்தார்.

அப்புறம் மஞ்சக்குப்பத்துக்காரர் கேட்டது புதுத் தோலுக்கான தீச்சோதனைச் சான்று. கேபினில் போடும் தோல், துணி, நுரை, கார்ப்பெட் எல்லாமே எரிசோதனையில் தேறியிருக்க வேண்டும், அதற்கான காகிதமும் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாத தோலை எவ்வளவு அழகாக இருந்தாலும் பிய்த்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். வைஃபை கருவி பொருத்தியதற்கான ஒப்புதலும் கோப்பில் இல்லை. துணை என்ஜினின் பழைய லாக் புக் ஒன்றைக் காணோம். இந்த ரகத்துக்கு 96 மாதத்துக்கு ஒருமுறை பெரிய சோதனை உண்டு, உள்ளே எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார்கள். அது முடிந்துவிட்டது என்று விளம்பரத்தாளில் இருந்தது. பதிவேட்டில் பார்த்தால் நெருங்கிக்கொண்டிருந்தது.

என்ஜின் விஷயம் இன்னும் மோசம். பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவந்தால் என்ஜின் பெரிய பராமரிப்புக்கு வரும்போது செலவை ஏற்கும் திட்டங்கள் உண்டு. பிஆர்710-க்கு ரோல்ஸ் ராய்ஸின் கார்ப்பரேட்கேர். "என்ஜின் திட்டத்தில் உள்ளது" என்று விளம்பரத்தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். சேர்ந்திருந்தது நிஜம்தான். உரிமையாளர் நடுவில் கட்டுவதை நிறுத்திவிட்டார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பாக்கியைத் தீர்க்காமல் அந்தக் கணக்கு வாங்குபவர் பெயருக்கு மாறாது. ஒரு என்ஜினைப் பிரித்துக் கோக்க ஆகும் செலவை விசாரித்தால், விமானத்தைச் சல்லிசாகக் கொடுத்த காரணம் தன்னால் விளங்கும்.

இவ்வளவும் தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்ல முடிவு செய்தோம். "இங்க எதுவும் பேசவேணாம் முதலாளி, ஊருக்குப் போய் நிதானமா உக்காந்து பேசலாம்" என்றார். சரி என்று கிளம்பி வந்தோம். புதுச்சேரி வந்து பேச உட்கார்ந்தால், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறார்: பார்வையிட்ட 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும், அட்வான்ஸ் திரும்பாது. அந்த 24 மணி நேரமும் நாங்கள் விமான நிலையங்களிலும் ஈஸிஆர் ரோட்டிலும் இருந்தோம். ஊரில் பேசலாம் என்று இனிக்க இனிக்கச் சொன்னது அந்த மணிக்கணக்கை ஓட்டத்தான். பெரியப்பா அன்று அந்த ஆளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "நான் உன்னைத் தம்பி மாதிரி நெனச்சேனேப்பா?" அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வக்கீல் வந்தபிறகு மீதியும் வெளியே வந்தது. நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போல விமானத்துக்கும் பார்க்கலாம். அமெரிக்கப் பதிவு என்றால் ஓக்லஹோமா சிட்டிப் பதிவகத்தில் தேட வேண்டும். அதோடு 2001 கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் டப்ளினில் ஒரு சர்வதேசப் பதிவேடு இருக்கிறது. இந்தியாவும் 2008 முதல் அந்த உடன்படிக்கையில் உண்டு. தேடியதில் விமானம், உரிமையாளருக்காகப் பெயரளவில் வைத்திருக்கும் ஒரு டிரஸ்ட் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதன் மேல் ஒரு வங்கியின் அடமானம் நின்றது. விற்பவர் தரப்புக்கு எங்கள் புரோக்கரோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது. அவர்களுடைய ஏஜென்டுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவர் இவர். அவர்கள் கேட்ட விலைக்கு மேல் பெரும் தொகையைத் தனக்கென்று ஏற்றி எங்களிடம் சொல்லியிருக்கிறார். உரிமையாளரே தனக்கு நேரடியாகக் கொடுத்த அதிகாரம் என்று எங்களிடம் காட்டிய தாளில் இருந்த கையெழுத்து யாருடையது என்று விற்பவர் தரப்புக்கே தெரியவில்லை.

நீங்கள் இப்படி ஒரு பேச்சில் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் விமானத்தின் சீரியல் நம்பரைக் கேளுங்கள். வாலில் எழுதியிருக்கும் பதிவெண்ணை மாற்றிக்கொள்ளலாம், தொழிற்சாலையில் போட்ட சீரியல் நம்பர் மாறாது. அதை வைத்து அந்தப் பதிவேடுகளில் தேடும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். எஸ்க்ரோ நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைப் புரோக்கரிடம் வாங்காமல் நீங்களே கண்டுபிடித்துப் பேசுங்கள். வாங்கும் முன் செய்யும் சோதனையை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்த இடத்திலேயே செய்ய ஒப்பாதீர்கள். எங்களிடம் அவர் அதற்குத்தான் அத்தனை பிடிவாதம் பிடித்தார். தன் வேலையில் உள்ள ஓட்டையைத் தானே எழுதித் தரும் பட்டறை எங்கும் இல்லை. என்ஜின் திட்டத்தின் பாக்கி நிலவரத்தை அந்த நிறுவனத்திடமிருந்தே கடிதமாக வாங்குங்கள். ஏற்பு, மறுப்பு இரண்டுக்கும் என்ன கெடு என்பதை உங்கள் வக்கீல் முதல் பக்கத்தில் எழுதட்டும்.

நோட்டீஸ் போனபிறகு அட்வான்ஸில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்துக்குப் போலீசில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். போன வாரம் கடலூர் சிப்காட் பக்கத்து நண்பர் ஒருவர் தனக்கு வந்த விளம்பரத்தாளை எனக்கு அனுப்பினார். அதே ஜி550, அதே தோல் இருக்கைகளின் படம், அதே தடித்த எழுத்து. பதிவெண் மட்டும் வேறு. சீரியல் நம்பரைக் கேட்டு எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை.