மாத்திரை கொடுத்ததோடு விட்டுவிடாத ஒரு குடும்ப நலப் பிரிவு

ஏழாவது வாரத்தில் கருவைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்தபோது, முதலில் விசாரித்த தனியார் மருத்துவமனையில் கணவரை அழைத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டுமே போதும் என்பது சட்டம். எங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் அந்தக் கேள்வியே எழவில்லை. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் முடிந்ததும் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள்.

நான் பாராட்ட விரும்புவது அதற்குப் பிறகு கிடைத்த கவனிப்பை. ஆலோசகர் அக்கா, ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் அடுத்த மாத்திரைகளுக்கான தேதியையும் மறுபரிசோதனைக்கான 15ஆம் நாளையும் எழுதி வட்டமிட்டார். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுக்க நனைந்தால் நள்ளிரவானாலும் வந்துவிட வேண்டும் என்று சொல்லி, என்னையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் செய்தார். கலைந்த பின்னும் சில வாரங்கள் வீட்டுப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தெரியக்கூடும் என்பதால், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் விளக்கினார்.

அரசு மருத்துவமனை என்றால் கேட்காமலே கருப்பைக்குள் காப்பர்-டி கருத்தடைச் சாதனத்தைப் போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு எங்கள் தெருவில் உண்டு. எனக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆலோசகர் அக்காவோ மாலா-என், சாயா கருத்தடை மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, காப்பர்-டி என எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, காப்பர்-டியை என் உள்ளங்கையில் வைத்து அதன் நூலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கருத்தடைக்கு அடுத்த மாதவிலக்கு வரட்டும் என்றிருந்த எனக்கு, கரு கலைந்த பத்து நாளுக்குள்ளேயே கருமுட்டை வெளிவரலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. தினமும் மாத்திரை போட மறந்துவிடுவேன் என்பதால், 10 ஆண்டு பயன்தரும் காப்பர்-டி 380ஏ-யைத் தேர்ந்தெடுத்தேன். கரு முழுமையாக வெளியேறியதை 15ஆம் நாள் உறுதிசெய்த பிறகே அதைப் பொருத்தினார்கள். அடுத்து வந்த இரண்டு மாதவிலக்கிலும் உதிரப்போக்கு கூடுதலாகத்தான் இருந்தது, ஆனால் முன்பே சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை. எதற்கும் கட்டணம் இல்லை.

ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். ஆலோசனை மேசை நடைபாதையை ஒட்டி இருக்கிறது. வந்த காரணத்தைச் சொல்லிப் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். வெளியே தெரியக்கூடாதென்று சட்டமே காக்கும் விஷயம் இது. ஒரு திரைச்சீலையும் டோக்கன் எண்ணும் இருந்தால், தங்கள் ஊர்க்காரர் யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் பெண்கள் உள்ளே வருவார்கள்.