சுங்கை பூலோ நர்சரி வரிசை: மரம் வாங்கலாம், நடும் வேலையைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்

கோலாலம்பூர் பக்கம் ஒரு புதுத் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, சாவி கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால், டெவலப்பரின் லோரி கடைசியில் போய் நிற்பது பெரும்பாலும் சுங்கை பூலோவில்தான். 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வளர்த்தெடுத்த செடித் தொழில்தான் இன்றைக்குச் சாலையோரம் நர்சரி நர்சரியாக நீண்டு கிடக்கிறது. பால்கனித் தொட்டிக்கு நாலு செடி வாங்கப் போகிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. சாலையோர மரம், வேலிச்செடி, விளையாட்டுத் திடல், காவல்சாவடி வாசல் என்று மொத்தமாக வாங்கப் போகும் குடியிருப்பாளர் சங்கத்தாரும் ஜேஎம்பி எனும் கூட்டு நிர்வாகக் குழுவினரும் சின்ன கான்ட்ராக்டர்களும் படிக்கட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். நிழல் மரம், பனை வகை, பூச்செடி, புல், மண், உரம், மரத்தைத் தாங்கும் குத்துக்கழி எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். நாலு கடை ஏறி இறங்கினால் அதே செடியின் விலை எப்படி மாறுகிறது என்பது கண்முன்னே தெரியும். நூறு, இருநூறு என்று கேட்டால் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) நின்று பேச முடியாது, வாரநாள் காலையில் போங்கள். பெரிய மரங்கள் ரோட்டோரக் கடையில் இருக்காது, பின்பக்கமோ வேறு நிலத்திலோ வைத்திருப்பார்கள். ‘மாதிரி இதுதான், லோரியில் இதே போல வரும்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். நேரில் போய், எடுக்கப்போகும் ஒவ்வொரு மரத்திலும் ரிப்பன் கட்டி எண் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத இடங்களில் நல்ல மரங்கள் முன்வரிசையிலும், கழிசல் பின்வரிசையிலும் வந்து இறங்குவது வழக்கமான கதை.

எந்த மரம் என்பதில் கடைக்காரரின் யோசனையைக் கேளுங்கள், முடிவை அவரிடம் விடாதீர்கள். கையில் மீந்திருப்பதைத்தான் அவர் முதலில் காட்டுவார். நர்சரியில் மூன்று மீட்டரில் நிற்கும்போது எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவை வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, பக்கத்திலேயே கெப்போங்கில் ஃப்ரிம் எனும் வன ஆய்வுக் கழகத்தின் வனம் இருக்கிறது. வெள்ளீயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களின் இறுதியிலிருந்து நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. வாங்கப் போகும் முன் அங்கே ஒரு நடை நடந்து, மரத்தின் குடை எவ்வளவு விரிகிறது, வேர் எவ்வளவு தூரம் மேலெழும்புகிறது என்று பாருங்கள்.

எங்கள் கணக்கு இது. தூங்குமூஞ்சி மரம் அழகுதான், ஆனால் முப்பது மீட்டர் வரை குடை விரிக்கும், தாமான் சாலைக்கு ஆகாது, பெரிய திடலுக்கு மட்டும். அங்சானா சீக்கிரம் நிழல் தரும். ஆனால் பெரிய கொம்பை வெட்டி நட்டு வளர்த்தது நிறைய, கிளையும் முறியும். இயல்வாகையின் மஞ்சள் பூ கண்ணைப் பறிக்கும், அதன் கிளையையும் வீட்டு வாசலில் நம்பி நிறுத்த முடியாது. ஆல், அத்தி இனத்தில் எதையும் கால்வாய் ஓரம் வைக்கக்கூடாது, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கெத்தாப்பாங் கென்சானா அடுக்கடுக்காக வளர்ந்து சீக்கிரம் பலன் காட்டும், அதனால்தான் எல்லாத் தாமானிலும் அதுவே நிற்கிறது. பொறுமை இருந்தால் மகிழம், மலாயில் புங்கா தாஞ்சோங். மெதுவாக வளரும், அடர்ந்த நிழல், மணம். பழம் உதிர்ந்து தரையைக் கறையாக்கும் என்பதால் கார் நிறுத்துமிடத்திலிருந்து தள்ளி வையுங்கள். தெக்கோமா வறண்ட நாட்களுக்குப் பின் மொத்தமாகப் பூத்து ‘கேஎல் சக்குரா’ என்று படம் எடுக்க வைக்கும், மற்ற நாட்களில் சாதாரண மரம். ராஜபனையின் மட்டை காய்ந்து விழுந்தால் காரின் கூரை நசுங்கும். இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார், பதினேழு வாகனங்கள் நசுங்கின. மரத்தைத் தேர்வு செய்பவர் இருபது வருடம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பொதுநிலத்தில் நடுவதென்றால், அங்கீகரிக்கப்பட்ட லேண்ட்ஸ்கேப் பெலானில் உள்ள மரத்தை நகராண்மைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் மாற்றாதீர்கள். ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்டுவதிலும் கவனம்: நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்துக்கு அனுமதி வேண்டும். வேப்பமரம் வேண்டும் என்று நம்மவர்கள் அடம்பிடிப்பார்கள். நன்றாக வடியும் மண் இருந்தால் வையுங்கள், நீர் தேங்கும் களிமண்ணில் அது தாக்குப்பிடிக்காது.

இனி மரம் நிற்கும் பையைப் பார்ப்பது. நல்ல நர்சரியையும் மோசமான நர்சரியையும் பிரித்துக் காட்டுவது இதுதான். ‘சூடா பெராப்பா லாமா டாலாம் பெக்?’ (பையில் போட்டு எவ்வளவு நாளாயிற்று?) என்று முதலில் கேளுங்கள். நிலத்தில் வளர்ந்ததை நேற்றுத் தோண்டிப் பையில் போட்டு இன்று விற்பது உண்டு. அப்படிப்பட்ட மரம் நட்ட இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். தோண்டிய பின் பையில் இரண்டு மூன்று மாதம் இருந்து, புதுத் துளிர் விட்டதாகப் பார்த்து எடுங்கள். தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள்: மண்கட்டியும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது, தண்டு மட்டும் ஆடினால் இல்லை. இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. வருடக்கணக்கில் பையிலேயே கிடந்த மரத்தின் வேர், அடிப்பகுதித் துளை வழியே நிலத்துக்குள் போயிருக்கும். லோரியில் ஏற்ற இழுத்தால் அந்த வேரெல்லாம் அறுந்து, சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த வேரில் பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஒரு பையைக் கிழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் கடையில் மொத்தமாக வாங்க வேண்டாம். வெள்ளையான நுனியுடன் வேர் தெரிந்தால் நல்லது. கறுத்து, பிசுபிசுத்து, அழுகல் வாடை அடித்தால் தண்ணீர் அதிகமாகி வேர் செத்திருக்கிறது. பையின் சுவரோடு ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால், நடும்போது கூர்கத்தியால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீற வேண்டும். அப்படியே வைத்தால் வேர் சுற்றிக்கொண்டே தடித்து, சில வருடத்தில் தன் தண்டையே நெரித்துவிடும். வேரைச் சுற்றிய மண்கட்டியின் அளவையும் அளந்து பாருங்கள்: தண்டின் விட்டத்தைப்போல் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் தண்டுக்கு ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் கட்டி. இவ்வளவு பெரிய கட்டி 200 கிலோ வரை போகலாம், கிரேன் லோரி இல்லாமல் நடக்காது. தூக்கும்போது கயிற்றைத் தண்டில் மாட்டினால் பட்டை உரிந்துவிடும், பட்டையான ஸ்லிங்கைக் கட்டியின் அடியில் கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வரும்போது இலையின் மேல் வலை போர்த்தாத லோரியில் மரம் பாதி வாடித்தான் இறங்கும்.

வேலிச்செடியில் பெரிய வம்பில்லை. யூஜினியாவை 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டால் முப்பது மீட்டருக்கு அறுபத்தெட்டு செடி வேண்டும். இலையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் பூச்சி விழுந்திருக்கிறது, அந்தக் குவியலை விடுங்கள். தரைமூடிச் செடி 20 சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 25 ஆகும். கான்ட்ராக்டர் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, 25 கணக்குக் காட்டிப் பணம் கேட்கிறாரா என்று ஒரு சதுர மீட்டர் சட்டத்தை வைத்து எண்ணிப் பாருங்கள், 11தான் இருக்கும். வாசலில் புரோமிலியாட் (அன்னாசி இன அலங்காரச் செடி) அடுக்க ஆசைப்படாதீர்கள். அதன் இலைக்கக்கத்தில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதாரத் துறை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மண்ணில்தான் பணம் கரைகிறது. ‘ஒரு லோரி’ என்று விலை பேசாதீர்கள், லோரியின் தொட்டி நீளம், அகலம், உயரம் அளந்து கன மீட்டரில் பேசுங்கள். 100 சதுர மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் மண் என்றால் 15 கன மீட்டர், அமுங்குவதற்கு இன்னும் மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பார்த்தால் சில மண்ணில் வெள்ளையான லாலான் களைக் கிழங்கோ கோரைக் கிழங்கோ கிடக்கும். அந்த மண்ணை இறக்கவே விடாதீர்கள், பின்னால் மருந்தடித்து அடக்குவது எளிதல்ல, பாரக்குவாட் களைக்கொல்லிக்கு 2020இலிருந்து தடை வேறு. புல்லுக்கும் இதே சோதனைதான். மாட்டுப்புல் வெட்டி அடுக்கிய 24 மணி நேரத்துக்குள் பதியாவிட்டால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். சாய்வான இடத்தில் மூங்கில் முளை அடிக்க வேண்டும்.

இப்போது நடும் சேவை. இங்கேதான் எங்களுக்கு மனக்குறை. பல இடங்களில் ‘மரமும் நடுவதும் சேர்த்து’ என்று ஒரே விலை சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது குழிக்கான கூலியும் மண்ணும் எங்கோ வெட்டுப்பட்டிருக்கும். புதுத் தாமான் நிலம் என்பது மலையை வெட்டி, மேல்மண்ணை லோரியில் அனுப்பி, எக்ஸ்கவேட்டரும் ரோலரும் ஏறி இறங்கிக் கெட்டிப்படுத்திய சிவப்பு அடிமண். அதில் ஒரு மீட்டர் ஆழக் குழி தோண்டி நல்ல மண்ணை நிரப்பினால், குழி ஒரு வாளியைப்போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரம் தாகத்தால் சாகவில்லை, மூழ்கிச் சாகிறது. இலை வாடுவது மட்டும் ஒரே மாதிரி தெரியும், ஆகவே தோட்டக்காரர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார்.

செய்ய வேண்டியது: மரம் வருவதற்கு இரண்டு நாள் முன்னே மாதிரிக் குழிகளில் முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் வரை வடியவில்லையென்றால் அடியில் சரளைக்கல் மட்டும் போட்டுப் பயனில்லை. நீர் போக வழி வேண்டும்: ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைத் தடுத்து நீரை விடும் துணி) சுற்றிய 100 மில்லிமீட்டர் துளைக்குழாயைச் சரிவாகக் கால்வாயில் விட வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் 30 முதல் 45 சென்டிமீட்டர் மேடு கட்டி மேலே நடுங்கள். குழியின் அகலம் கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு, ஆழம் கட்டியின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே. ஆழமாகத் தோண்டினால் கீழே போட்ட மண் அமுங்கி மரம் பத்து சென்டிமீட்டர் இறங்கும், தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்து அழுகும். கட்டியின் மேல்மட்டம் சுற்றுத் தரையைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். எக்ஸ்கவேட்டர் வாளி வழித்துவிட்ட பளபளக்கும் களிமண் சுவரை மண்வெட்டியால் கீறிவிடாமல் நட்டால் வேர் வெளியே போகாது. கலவை மூன்று பங்கு மேல்மண், இரண்டு மக்கிய உரம், ஒரு மணல். பச்சைக் கோழி எருவைப் போட்டால் வேர் வெந்துவிடும், ஈக்களைப் பற்றி அண்டை வீட்டார் சொல்வார்கள்.

இன்னொரு கோளாறு வீட்டுச் சுவரோரம். கட்டட வேலை முடிந்ததும் சிமெண்டுக் கழிவையும் உடைந்த டைலையும் தோட்டப் பாத்தியிலேயே புதைத்துவிடுவார்கள். அதன் மேல் வெட்சி நட்டால், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் குறைவென்று நினைத்து மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறி இரும்புச்சத்து செடிக்கு எட்டாததுதான் காரணம். நாற்பது சென்டிமீட்டர் வரை தோண்டிக் கழிவை அள்ளி வெளியே போட்டுவிட்டு நடுங்கள். புதைத்த பலகைத் துண்டு இருந்தால் அதையும் எடுங்கள், கரையானுக்கு விருந்து அது.

குத்துக்கழிக்குப் பாக்காவ் (சதுப்புநில மரம்) கட்டை மூன்று, கட்டுக்கு ரப்பர் பட்டை. கம்பியால் கட்டினால் பட்டையை அறுத்துவிடும். ஒன்பது மாதத்துக்குப் பின் கழற்றுங்கள், மறந்துபோன கட்டுகளால் கெட்ட மரம் ஏராளம். தண்டைச் சுற்றி அறுபது சென்டிமீட்டர் வட்டத்தில் புல் இருக்கக்கூடாது, இல்லையென்றால் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு தண்டை வளையமாக உரித்துவிடும். புதுத் தாமான்களில் மரம் சாவதற்குப் பூச்சியைவிட இதுதான் பெரிய காரணம் என்போம். மட்டைத்தூளோ மரச்சில்லோ பரப்பலாம், தண்டைத் தொடாமல். முதல் மாதம் உரம் வேண்டாம், பிறகு பச்சை என்பிகே 15:15:15 கொஞ்சமாக. நடவை செப்டம்பர் இறுதியில் தொடங்கினால் அக்டோபர், நவம்பர் மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஜூன், ஜூலையில் நட்டால் நாள்தோறும் மரத்துக்கு இருபது முப்பது லிட்டர் என்று தண்ணீர் லோரிக்கே செலவாகும்.

எங்கள் தீர்ப்பு: மரம், செடி, புல் வாங்க ஐந்துக்கு நாலு. நடும் வேலைக்கு இரண்டுதான், அதுவும் உங்கள் ஆள் குழிப்பக்கம் நின்றால். விலையை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: செடி, மண்ணும் குழியும், பன்னிரண்டு மாதப் பராமரிப்பு. செத்த மரத்துக்கு மாற்று என்று எழுதும் இடத்தில் தண்டின் விட்டத்தையும் உயரத்தையும் குறிப்பிடாவிட்டால், மூன்று மீட்டர் மரத்துக்குப் பதிலாக ஒரு மீட்டர் கன்று வரும். பழைய மரத்தைத் தோண்டி எடுப்பதற்கும் கிரேன் லோரிக்கும் யார் கூலி கொடுப்பது என்பதையும் அதே வரியில் சேர்த்து, தவுக்கேயின் கையெழுத்தோடு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.