ஒரு ‘இங்’குக்காக வாங்கிய இலக்கண வகுப்பு

கண்காணிப்பு கேமராப் பதிவுகளைப் பார்த்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. ஒருநாள் ‘ஐ சா ஹிம் லீவிங் த ரூம்’ என்று எழுதி அனுப்பினேன். “ஆள் வெளியே போய்விட்டானா, இல்லை, போய்க்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தீர்களா?” என்று மேலாளர் கேட்டார். திருதிருவென்று முழித்தேன். அன்றிரவே காணொளியில் நடக்கும் ஓர் ஆங்கில இலக்கண வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன்.

சீ, ஹியர், வாட்ச், ஃபீல், நோட்டிஸ் போன்ற வினைச்சொற்களுக்கென்று தனிப்பாடம் இருக்கிறது. அதில் ஒரு படக்காட்சி. முதல் தடவை ஒருவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சாலையைக் கடந்து முடிக்கிறார்: ‘ஐ சா ஹிம் கிராஸ் த ரோட்’. அடுத்த தடவை அவர் நடுச்சாலையில் இருக்கும்போதே திரை அணைகிறது: ‘ஐ சா ஹிம் கிராசிங் த ரோட்’. பளிச்சென்று புரிந்தது. ‘கிராசிங்’ என்றால் அவர் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமில்லை; நான் பார்த்தது நடுவில் ஒரு துண்டு, அவ்வளவுதான். பாதியில் வெட்டுப்பட்ட பதிவுகளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

நொடியில் முடிகிற செயல்களையும் விடவில்லை. ‘ஐ ஹர்ட் த டோர் ஸ்லாம்’ என்றால் கதவு ஒரு தடவை படாரென்று சாத்தியது. ‘ஸ்லாமிங்’ என்றால் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் செயப்பாட்டு வினையில் ‘ஹீ வாஸ் சீன் டு லீவ்’ என்று ‘டு’ வந்து ஒட்டிக்கொள்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள். அறிக்கை எழுதுகிறவனுக்கு அதுதானே முக்கியம்!

இன்னொரு குறை, தமிழைத் துணைக்குக் கூப்பிடவே இல்லை. ‘கடந்ததைப் பார்த்தேன்’, ‘கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பாடம் முடிந்திருக்கும். ‘கிராஸ்’ இருக்கிற இடத்தில் ‘கடக்க’ என்று போட்டுவிடக் கூடாது என்பது வேறு விஷயம். ‘கடக்கப் பார்த்தேன்’ என்றால் நம்மூர்ப் பேச்சில் கடக்க முயற்சி செய்தவனே நான் என்றாகிவிடும்.

பாடம் சரி, பயிற்சித் தேர்வுதான் கடுப்பேற்றியது. ‘ஐ ஹர்ட் ஹெர் ... எ சாங்’, கோடிட்ட இடத்தை நிரப்பு. ‘சிங்கிங்’ போட்டேன், சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. அவள் பாட்டை முழுக்கப் பாடி முடித்தாளா, நான் அந்தப் பக்கம் போகும்போது நடுவில் இரண்டு வரி காதில் விழுந்ததா என்று கேள்வியில் ஒரு குறிப்பும் இல்லை. ‘சிங்’, ‘சிங்கிங்’ இரண்டுமே சரியான விடை. அதைவிடக் கொடுமை, ‘ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்ன்’ என்பதைச் சரி என்கிறது. வாசனைக்கு ‘பர்னிங்’தான் வரும், ஸ்மெல்லுக்குப் பின்னால் வெறும் ‘பர்ன்’ நிற்காது. எழுதிக் கேட்டேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது, அதோடு சரி.

பாடத்துக்கு நான்கு நட்சத்திரம், தேர்வுக்கு ஒன்று. அப்புறம், மேலாளர் கேட்ட வரியைத் திருத்துவதற்கு முன் அந்தப் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஆள் கதவுப்பிடியில் கை வைக்கிறான், கதவு லேசாகத் திறக்கிறது, பதிவு அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘லீவிங்’ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.