ஒழுகும் குழாய்க்கு அவசர ஒட்டு: எம்-சீலா, சிலிக்கான் டேப்பா, பைபர் பூச்சா?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், உடைந்த குழாயை நன்றாக உலரவிட்டு நிதானமாக ஒட்டும் வாய்ப்பு பல மாதங்களில் அமைவதில்லை. ஆகவே ஒட்டுப்பொருளின் வலிமையைப் பார்ப்பதற்கு முன், ஈரத்தில் அது பிடிக்குமா என்பதையும், ஒட்டவேண்டியது எந்தவகைப் பிளாஸ்டிக் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது எம்-சீல் போன்ற எபாக்ஸி களிம்பு. இரண்டு பகுதிகளையும் சம அளவில் எடுத்து, நிறம் முழுவதும் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். இடையில் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் சரியாக இறுகாது. பிவிசி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களில் இது நன்றாகப் பிடிக்கும், ஆனால் மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய உலர்ந்த பரப்பில் மட்டுமே. மேலோட்டமாக இறுகிவிட்டதைப் பார்த்து உடனே தண்ணீர் திறந்துவிடுகிறவர்கள் பலர். முழு வலிமைக்கு ஒரு நாள் காத்திருப்பது நல்லது.

நீர் கசிந்துகொண்டே இருந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பே மேல். அது குழாயோடு ஒட்டுவதில்லை. இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றினால், தன்மேல் தானே ஒட்டி ஒரே ரப்பர் உறையாகிவிடுவதால் ஈரம் அதற்குப் பெரிய தடையில்லை. டேப் கிடைக்காத ஊரில் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி, மேலே கிளாம்ப் போடலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பு கிளாம்பை அரித்துவிடும் என்பதால், அங்கே துருப்பிடிக்காத எஃகு கிளாம்பே வாங்க வேண்டும். டியூபும் கிளாம்பும் நேர்க்குழாய்க்குத்தான் பொருந்தும். எல்போ (வளைவு), டீ (கிளை) இணைப்புகள் உள்ள இடங்களில் டேப்பைப் படியச் சுற்றுவதும் கடினம்.

பிவிசி சால்வென்ட் சிமெண்டை விரிசலின் மேல் தடவுவது வீண். அது பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளை ஒன்றாக்கும் பொருள், இடைவெளியை நிரப்பாது. விரிசல் விழுந்த பகுதியை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் இணைக்கும் கப்ளிங் போடும்போதுதான் அதற்கு வேலை.

தோட்டங்களில் ஓடும் கறுப்பு எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) குழாயிலும், பாலிஎத்திலீனால் ஆன மேல்நிலைத் தொட்டியிலும் எபாக்ஸி நிலைப்பதில்லை. தக்கலைக்கு அருகே எங்கள் வாழைத்தோட்டத்துக் குழாயில் நான் வைத்த எம்-சீல், அழுத்தம் வந்ததும் ஓடு போல் முழுதாகக் கழன்று விழுந்தது. குழாய்க்கு திருகி இறுக்கும் கப்ளர், தொட்டிக்கு அதே பிளாஸ்டிக்கை உருக்கி வைக்கும் வெல்டிங் ஆகியவையே நம்பத்தக்கவை.

பைபர் படகின் ஓட்டையை அடைக்கும் கண்ணாடியிழைப் பாயும் பாலியெஸ்டர் ரெசினும் பெரிய உடைப்புக்கு மிக உறுதியானவை, ஆனால் வேலை அதிகம். பரப்பைத் தேய்த்து, உப்பை நன்னீரால் கழுவி, முழுதாக உலர்த்திய பிறகே அடுக்க வேண்டும். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும், அதை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்தபின் மட்டுமே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும்.